கட்டிடமும் சாவியும்: பெர்னாவ் தொழிற்சங்கப் பள்ளியை முன்வைத்து

பெர்லினுக்கு வடகிழக்கே பெர்னாவ் என்றொரு சிற்றூர். ஊருக்கு வெளியே காட்டுக்குள், சின்னக் குளம் ஒன்றை ஒட்டிய சரிவில், ஜெர்மன் தொழிலாளர்கள் தங்கள் சந்தாப் பணத்தில் கட்டிக்கொண்ட பள்ளி ஒன்று இருக்கிறது. 1930 மே 4 அன்று திறந்தார்கள். 1933 மே 2 அன்று நாஜிகள் பிடுங்கிக்கொண்டார்கள். கணக்குப் போட்டால் மூன்று வருஷத்துக்கு இரண்டு நாள் குறைச்சல். அதற்குப் பிறகு அந்தக் கட்டிடம் ஹிட்லர் கட்சியின் பயிற்சிக்கூடமாக, ரகசியப் போலீசின் பள்ளியாக, செஞ்சேனையின் மருத்துவமனையாக, கிழக்கு ஜெர்மனியின் தொழிற்சங்கக் கல்லூரியாக, அரசு அலுவலர் பயிற்சி நிலையமாக, கடைசியில் யாருமற்ற வெற்றிடமாகக் கிடந்து, 2017 இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் போய்ச் சேர்ந்தது. எந்தப் பெயரில் சேர்ந்தது என்பதுதான் விஷயம். தொழிற்சங்கத்தின் பெயரில் அல்ல. 'பௌஹவுஸ்' என்ற கலைப்பள்ளியின் பெயரில்.

இந்தப் பெயர் மாற்றம் சும்மா நடந்துவிடுகிற ஒன்றல்ல என்பதே என் கட்சி.

கட்டிடம் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் தோழர் ஒருவர், 'என்னய்யா, காண்ட்ராக்ட் வேலைக்குக் கிளம்பிட்டியா?' என்றார். கேலிதான். ஆனால் அந்தக் கேலிக்குள் நம்முடைய பழக்கம் ஒன்று ஒளிந்திருக்கிறது. கவிதையில் கருத்தியலைத் தேடிப்பிடித்த நாம், சினிமாவில் காமிரா எங்கே நிற்கிறது என்பதை வைத்தே வர்க்கச் சார்பை நிறுவிய நாம், சுவரையும் ஜன்னலையும் மட்டும் கருத்தியலுக்கு வெளியே நிற்கும் ஜடப்பொருளாக விட்டுவிட்டோம். கோயிலைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் விழித்துக்கொள்வோம். யார் எதுவரை நுழையலாம் என்கிற கேள்வி அங்கே நம்மைச் சும்மா விடாது. அதே கேள்வியைப் பள்ளிக்கூடத்திடம் கேட்டால் என்ன? நான் இந்தக் கட்டிடத்தை நேரில் பார்த்தவனில்லை. வரைபடங்களையும் நிழற்படங்களையும் எழுதப்பட்ட வரலாறுகளையும் வைத்துக்கொண்டே பேசுகிறேன். வரைபடத்தை ஒரு பிரதியாக வாசிப்பதில் சௌகரியம் ஒன்று உண்டு: அழகில் சொக்கி நிற்க வாய்ப்புக் குறைவு.

பள்ளியைக் கட்டியவர்கள் யார்? ஏ.டி.ஜி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பொது ஜெர்மன் தொழிற்சங்கக் கூட்டமைப்பு. 1919 இல் உருவானது. சமூக ஜனநாயகக் கட்சியை ஒட்டி நின்றது. 1920களின் இறுதியில் அதற்கு 40 லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். 1920 இல் வந்த தொழிலகக் குழுச் சட்டம் ஆலைக்குள் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குச் சில உரிமைகளைத் தந்திருந்தது. உரிமை வந்துவிட்டால் போதுமா? முதலாளியின் வக்கீலுக்கு எதிரே உட்கார்ந்து லேத் ஓட்டுகிறவரும் அச்சுக்கோக்கிறவரும் பேசியாக வேண்டும். கூலி ஒப்பந்தம், தொழிலாளர் சட்டம், பொருளாதாரம் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். எட்டு வருஷப் படிப்போடு பட்டறைக்கு அனுப்பப்பட்டவர்கள்தான் இவர்களில் பெரும்பாலோர். அவர்களைச் சில வாரம் வேலையிலிருந்து பிரித்து, தங்கவைத்து, படிக்கவைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. ஆண், பெண் இருபாலருமாக ஒரு தடவைக்கு 120 பேர். படிப்பு நான்கு வாரம். அதற்குத்தான் இவ்வளவு பெரிய கட்டிடம்.

1928 இல் ஆறு கட்டிடக் கலைஞர்களை அழைத்துப் போட்டி வைத்தார்கள். எரிக் மெண்டல்சோன், மாக்ஸ் டவுட், மாக்ஸ் பெர்க் என்று பெரிய தலைகளும் அதில் இருந்தன. வென்றது ஹன்னஸ் மையர். ஸ்விட்சர்லாந்தின் பாஸல் நகரத்துக்காரர். அப்பா இறந்தபின் அநாதை விடுதியில் வளர்ந்தவர். கூட்டுறவு இயக்கத்தில் ஊறியவர். பாஸலுக்குப் பக்கத்தில் ஃப்ரைடார்ஃப் என்ற கூட்டுறவுக் குடியிருப்பைக் கட்டிப் பெயரெடுத்தவர். அதே 1928 ஏப்ரலில்தான் வால்டர் குரோப்பியஸுக்கு அடுத்தபடியாக டெஸ்ஸாவ் பௌஹவுஸின் இயக்குநர் பொறுப்பையும் ஏற்றிருந்தார். கூட்டாளியாக ஹான்ஸ் விட்வர். இந்தக் கட்டிடத்தில் விட்வரின் பங்கு பெரியது. ஆனாலும் அவர் பெயர் எப்போதும் 'மற்றும்' என்ற சொல்லுக்குப் பின்னால்தான் வருகிறது. பாதி இடங்களில் அதுவும் இல்லை. பௌஹவுஸ் மாணவர்களும் வரைபலகையிலும் கட்டுமான இடத்திலும் நின்று வேலை செய்தார்கள். மேற்பார்வை பார்த்த ஆர்யே ஷரோன், பாலஸ்தீனத்துக் கிப்புட்ஸ் ஒன்றிலிருந்து படிக்க வந்த மாணவர். பின்னாளில் இஸ்ரேல் அரசுக்குத் தேசியத் திட்டம் வரைந்து கொடுத்தவரும் இவர்தான். அது தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே தொட்டால் கையைச் சுடும்.

மையருக்குக் கலை என்ற சொல்லே ஆகாது. பயனையும் சிக்கனத்தையும் பெருக்கினால் வருவதே கட்டிடம் என்பதுபோல ஒரு சூத்திரத்தை அவர் 1928 இல் எழுதிவைத்தார். இதை வைத்துக்கொண்டு அவரை வறட்டுவாதி, கட்டிடத்தைக் கணக்கு நோட்டாக்கியவர் என்று ஏசுவது வழக்கமாகிவிட்டது. ஏசுபவர்கள் பெர்னாவின் வரைபடத்தைப் பொறுமையாகப் பார்த்திருப்பார்கள் என்று தோன்றவில்லை.

மேட்டில் நுழைவாயில். அதன் அருகே மூன்று புகைபோக்கிகள். தொழிலாளர் இயக்கத்தின் மூன்று தூண்களான சங்கம், கட்சி, கூட்டுறவு ஆகியவற்றின் குறியீடு அவை என்று ஒரு வாசிப்பு உண்டு. இருக்கலாம். அடுப்புக்கும் கணப்புக்கும் புகை போக வழி வேண்டும் என்பதும் உண்மைதான். அலங்காரத்தை வெறுத்த ஒருவர் ஆலையின் அடையாளத்தை வாசலில் நிறுத்தி வைத்தார் என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். உள்ளே கூட்ட அரங்கு. அடுத்து குளத்தைப் பார்த்த உணவுக்கூடம். அதன் கூரையில் கண்ணாடிக் கட்டிகள் பதித்திருப்பதால் வெளிச்சம் தலைக்கு மேலிருந்து இறங்குகிறது. அங்கிருந்து சரிவோடு சரிவாக, ஒன்றுக்கொன்று விலகிப் படிபோல இறங்கும் மூன்று தள விடுதிகள். விடுதிக்கு விடுதி நிறம் வேறு. ஆளுக்குத் தன் இடம் நிறத்தால் தெரியும். கடைசியில், காட்டை ஒட்டி, பள்ளிப் பகுதி: உடற்பயிற்சிக் கூடமும் வகுப்பறைகளும். ஆசிரியர்களின் வீடுகள் தனி வரிசையாகச் சற்றுத் தள்ளி. மஞ்சள் செங்கல், கான்கிரீட், இரும்புச் சட்ட ஜன்னல், கண்ணாடி. பூச்சு வேலை இல்லை. செங்கல் செங்கல்லாகவே தெரிகிறது, கான்கிரீட் கான்கிரீட்டாகவே.

இந்தத் தலையையும் வாலையும் இணைப்பது நீளமான ஒரு கண்ணாடி நடை. இதைத்தான் நான் இந்தக் கட்டிடத்தின் முக்கியமான அறை என்பேன். அறை என்றா சொன்னேன்? ஆமாம், அப்படித்தான் சொல்ல வேண்டும். சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறவர் எல்லா விடுதிகளையும் ஒட்டி, சரிவிலே படி இறங்கி, ஒரு பக்கம் மரங்களைப் பார்த்தபடி நடந்தாக வேண்டும். குறுக்குவழி இல்லை. சிக்கனம் பார்க்கிறவர் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடுக்கியிருப்பார். நடை மிச்சம், சுவர் மிச்சம், கணப்புச் செலவு மிச்சம். மையரும் விட்வரும் செலவைக் கூட்டிக்கொண்டு நடையை நீட்டியிருக்கிறார்கள். ஏன்? வகுப்பில் பேசாதவன் நடக்கும்போது பேசுவான். ஹாம்பர்க் துறைமுகத்துக்காரரும் ருர் சுரங்கத்துக்காரரும் எதிரும்புதிருமாக வந்து முட்டிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். சந்திப்பதும் 'பயன்'தான் என்று கணக்கில் எழுதிக்கொண்டவரை வறட்டுவாதி என்றால் நான் என்ன சொல்ல?

இன்னொன்று, பத்து என்ற எண். 120 பேரும் பத்துப் பத்தாக, 12 குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு தளத்தில் ஐந்து அறைகள், அறைக்கு இரண்டு பேர், ஆகப் பத்து. இந்தப் பத்துப் பேர் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் படிக்க வேண்டும். பெஸ்டலோஸி என்ற பழைய ஸ்விஸ் கல்வியாளரின் 'சிறு வட்டம்' என்ற எண்ணத்திலிருந்து மையர் இதை எடுத்துக்கொண்டார். நான்கே வாரத்தில் முன்பின் தெரியாதவர்கள் தோழர்களாக வேண்டும். நூறு பேர் கூட்டத்தில் அது நடக்காது. இரண்டு பேர் அறைக்குள் அடைந்தாலும் நடக்காது. பத்து என்றால் நடக்கும். எந்தச் சங்கத்தில் வேலை செய்தவருக்கும் இந்தக் கணக்கு புரியும். ஆலைவாயிலில் கொடி கட்டிப் பேசுவதால் மட்டும் சங்கம் நிற்பதில்லை. டீக்கடையில் பத்துப் பேர் தினமும் உட்காருவதால்தான் நிற்கிறது.

இங்கே ஃபூக்கோவைப் படித்த நண்பர்கள் குறுக்கிடுவார்கள். எல்லோரும் எல்லோரையும் பார்க்கிற கண்ணாடி நடை. நிறத்தால் பிரிக்கப்பட்ட உடல்கள். பத்துப் பத்தாக அடைக்கப்பட்ட செல்கள். 'இது தோழமையா, கண்காணிப்பா?' சரியான கேள்வி. 1975 இல் சிறைச்சாலை பற்றிய தன் நூலில் பள்ளி, படைமுகாம், ஆலை எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்தவர் அவர். ஆனால் அதே ஃபூக்கோ 1982 இல் கொடுத்த ஒரு பேட்டியில் இன்னொன்றும் சொன்னார் என்பதை நம்மவர்கள் அதிகம் எடுத்துக்கொள்வதில்லை. பிரான்ஸின் கீஸ் என்ற ஊரில் கொதேன் என்ற அடுப்புத் தொழிற்சாலைக்காரர் 1859 முதல் தொழிலாளர்களுக்காகக் கட்டிய கூட்டுக் குடியிருப்பு அங்கே பேச்சில் வருகிறது. யார் உள்ளே வந்தாலும் போனாலும் எல்லோர் கண்ணிலும் படுகிற அமைப்பு அது. அதை ஒடுக்குமுறையாகவும் ஆக்க முடியும். வேறு விதமாக வாழ விரும்புகிறவர்கள் கையில் அது வேறாகவும் இருக்கும். சுதந்திரம் மனிதர்கள் செய்கிற காரியம், அதைச் சுவரில் பதித்து உத்தரவாதம் தர முடியாது என்கிற பொருளில் பேசுகிறார். கட்டிடத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற நம் அவசரத்துக்கு இது ஒரு கடிவாளம்.

பெர்னாவில் இந்தக் கேள்வி ஏட்டளவில் நிற்கவில்லை. வரலாறே சோதித்துப் பார்த்துவிட்டது.

பள்ளி திறந்த மூன்றாம் மாதம், 1930 ஆகஸ்ட் 1 அன்று, டெஸ்ஸாவ் நகர நிர்வாகம் மையரை பௌஹவுஸிலிருந்து வெளியேற்றியது. கம்யூனிஸ்ட் மாணவர்களை வளரவிட்டார், மான்ஸ்ஃபெல்ட் சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்த நிதிக்குப் பணம் கொடுத்தார் என்பவை குற்றச்சாட்டுகள். வெளியேற்றியது நாஜிகள் அல்ல, தாராளவாதிகள். இதைக் கவனிக்க வேண்டும். மறுபக்கம் பொருளாதாரச் சரிவு. 1932 தொடக்கத்தில் ஜெர்மனியில் பதிவுசெய்த வேலையற்றோர் மட்டும் 60 லட்சம். அந்த வருஷம் ஜூலை 20 அன்று பிரஷ்ய மாநிலத்தின் சமூக ஜனநாயக அரசை பாப்பன் கலைத்தபோது, பொது வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு வரும் என்று தொழிலாளர்கள் காத்திருந்தார்கள். வரவில்லை. வேலையற்றவர் இத்தனை பேர் வாசலில் நிற்கையில் வேலைநிறுத்தம் எடுபடாது என்று தலைமை கணக்குப் போட்டது. 1933 இல் ஹிட்லர் வந்தபிறகு அந்தக் கணக்கு இன்னும் கீழே போயிற்று. அமைப்பைக் காப்பாற்ற வேண்டும், கட்டிடங்களை, நிதியை, பதிவேடுகளைக் காப்பாற்ற வேண்டும். ஆகவே கொஞ்சம் அனுசரித்துப் போவோம். ஹிட்லர் அரசு மே தினத்தைத் 'தேசிய உழைப்பு நாள்' ஆக்கியபோது, அந்த விழாவில் பங்குகொள்ளும்படி ஏ.டி.ஜி.பி. தலைமை தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. மே 1 அன்று ஊர்வலம் போனார்கள். மே 2 காலையில் நாடெங்கும் சங்க அலுவலகங்களுக்குள் பழுப்புச் சட்டைக்காரர்கள் புகுந்தார்கள். தலைவர் தியோடர் லைபார்ட் கைதானார். டூயிஸ்பர்க் நகரில் சங்கக் கட்டிடத்தின் நிலவறையிலேயே நான்கு பேரை அடித்துக் கொன்றார்கள். பெர்னாவ் பள்ளி கைமாறியது.

காப்பாற்ற நினைத்த கட்டிடமே முதலில் போனது. சட்டம் சொல்லிக்கொடுத்த பள்ளி. சட்டம் இல்லாமல் போகும் நாளில் என்ன செய்வது என்பதற்கு அந்தப் பாடத்திட்டத்தில் இடமிருக்கவில்லை. இந்தக் குறை செங்கல்லில் இல்லை. பத்துப் பேரை ஒன்றாக உட்காரவைக்க முடிந்த கட்டிடத்தால், அந்தப் பத்துப் பேரையும் உத்தரவுக்காகக் காத்திருக்காதவர்களாக ஆக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து நடந்தது இன்னும் விசித்திரம். பௌஹவுஸ் பாணியைக் 'கலாச்சார போல்ஷெவிசம்' என்று திட்டியவர்கள் நாஜிகள். தட்டைக்கூரை ஜெர்மானிய ரத்தத்துக்கு ஒவ்வாது, சாய்கூரையே நமது மரபு என்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள். டெஸ்ஸாவில் பெரும்பான்மை கிடைத்ததும் 1932 இல் பௌஹவுஸை இழுத்து மூடவைத்தவர்கள். பெர்னாவின் தட்டைக்கூரையை இடிக்கவில்லை. குடியேறினார்கள். 1933 ஜூன் மாதமே அங்கே கட்சித் தலைமைப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. திறந்துவைக்க ஹிட்லரே வந்தார். பிறகு எஸ்.எஸ். அமைப்பின் பாதுகாப்புப் போலீஸ் அங்கே பயிற்சி பெற்றது. 1939 ஆகஸ்ட் 31 இரவு, போலந்து தாக்கியது போல் நாடகமாடிப் போரைத் தொடங்குவதற்காக எல்லையில் கிளைவிட்ஸ் வானொலி நிலையத்திலும் சுங்கச் சாவடியிலும் 'தாக்குதல்' நடத்தினார்களே, அந்த எல்லை நாடகங்களுக்காக எஸ்.எஸ். ஆட்களைத் திரட்டிப் பயிற்றுவித்த இடம் இந்தப் பெர்னாவ்தான். பத்துப் பத்தாக இருந்த அறைகள் அவர்களுக்கும் வசதியாகவே இருந்திருக்கும். நல்ல வெளிச்சம், நல்ல காற்று, நீந்தக் குளம். கூலி ஒப்பந்தம் படிக்க ஏற்ற இடம் கொலை படிக்கவும் ஏற்றதாக இருந்தது.

அப்படியென்றால் கட்டிடத்துக்கு அரசியலே கிடையாதா, வெறும் கூடுதானா? அந்த முடிவுக்கும் நான் வரத் தயாரில்லை. வாசலில் நின்று எல்லோரையும் சிறுத்துப்போகச் செய்கிற தூண்வரிசை இங்கே இல்லை. மேடையில் ஒருவரை ஏற்றி மற்றவரைக் கீழே அடுக்குவது இந்த வரைபடத்தின் நோக்கமாக இல்லை. நாஜிகள் தங்கள் மகத்துவத்தைக் காட்ட விரும்பியபோது நூரம்பர்க்கில் வேறு விதமாகத்தான் கட்டினார்கள். பெர்னாவில் அவர்கள் எடுத்துக்கொண்டது வசதியை மட்டும். சொல்ல நினைத்ததைச் சொல்ல அந்தக் கட்டிடம் அவர்களுக்கு உதவவில்லை. ஒரு மொழியைத் திருடலாம். திருடியவன் அதிலே கவிதை எழுத முடியாமல் போகலாம். வசதியைப் பறித்துக்கொள்வதும் அர்த்தத்தைப் பறித்துக்கொள்வதும் ஒன்றல்ல என்பதற்குமேல் நான் இதை இழுக்க விரும்பவில்லை.

அர்த்தத்தைப் பறித்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களிடம் துப்பாக்கி இல்லை, அருங்காட்சியகம் இருந்தது. 1938 இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் பௌஹவுஸ் கண்காட்சி ஒன்றை நடத்தியது. தலைப்பிலேயே கால எல்லை இருந்தது: 1919 முதல் 1928 வரை. அதாவது குரோப்பியஸ் இருந்தவரை. மையர் பொறுப்பேற்ற வருஷத்தோடு வரலாறு முடிந்துவிட்டது! 1928 முதல் 1930 வரை கட்டப்பட்ட பெர்னாவ் இந்தச் சட்டகத்துக்குள் வரவே முடியாது. அமெரிக்காவில் பௌஹவுஸ் என்பது நாற்காலி, விளக்கு, வெள்ளைச் சுவர், நல்ல ரசனை என்று ஆனது. தொழிற்சங்கமும் வேலைநிறுத்த நிதியும் அதில் கறை மாதிரி. கறையைத் துடைத்தார்கள்.

சோவியத் பக்கம் போனவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்லாமல் நகர்வது அயோக்கியத்தனம். மையர் 1930 இல் மாணவர் சிலரோடு மாஸ்கோ போனார். 1936 இல் தப்பித்தாற்போல ஸ்விட்சர்லாந்து திரும்பினார். பிறகு பத்து வருஷம் மெக்சிகோ. 1954 இல் மரணம். அவரோடு போன பிலிப் டோல்ட்ஸினர் 1938 இல் கைதாகிப் பத்து வருஷம் முகாமில் கிடந்தார். பௌஹவுஸில் செயலாளராக இருந்த மார்கரெட்டே மெங்கல், மையரின் துணைவி, அவர் குழந்தையின் தாய், அதே 1938 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பையன் அரசு விடுதிக்குப் போனான். அநாதை விடுதியில் வளர்ந்தவரின் மகன்.

போருக்குப் பின் பெர்னாவ் கிழக்கு ஜெர்மனியின் பங்கில் விழுந்தது. பள்ளி மறுபடி தொழிற்சங்கத்துக்கே வந்தது. ஆனால் எந்தச் சங்கத்துக்கு? வேலைநிறுத்தம் செய்யாத சங்கத்துக்கு. ஃப்ரிட்ஸ் ஹெக்கர்ட் பெயரிலான அந்தக் கல்லூரியில் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளின் சங்கத்தினர்கூட வந்து தங்கிப் படித்தார்கள். 1950களின் தொடக்கத்தில் 'வடிவவாத எதிர்ப்பு' என்ற பெயரில் பௌஹவுஸ் பாணியைக் கட்சி ஒதுக்கிவைத்திருந்த காலம். கெயார்க் வாட்டர்ஷ்ட்ராட் பெரிய விரிவாக்கம் செய்தார்; பழைய நுழைவாயில் புதிய சேர்க்கைகளுக்குப் பின்னால் ஒதுங்கியது. ஹிட்லர் ஆட்கள் அப்படியே உபயோகித்த முகப்பு சோஷலிசத்தின் பெயரால் மறைந்தது என்பதை என்னவென்று சொல்ல! 1977 இல் அதே அரசே கட்டிடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1990 இல் அந்த நாடும் போயிற்று, சங்கமும் கலைந்தது, கல்லூரியும் மூடியது. சில வருஷம் பிராண்டன்பர்க் மாநில அலுவலர்கள் படித்தார்கள். பிறகு பூட்டு. 2007 வரை நடந்த சீரமைப்பில் வின்ஃப்ரீட் பிரென்னவின் குழு சேர்க்கைகளை நீக்கி, மூன்று புகைபோக்கிகளை மறுபடி வெளியே காட்டியது. கண்ணாடிக் கூரை மீண்டது. நேர்மையான வேலை. 2008 இல் உலக நினைவுச்சின்ன நிதியம் நவீனக் கட்டிடப் பாதுகாப்புக்காக ஏற்படுத்திய விருதின் முதல் பரிசு இதற்குத்தான். இந்த விருதுக்குப் பணம் தரும் நிறுவனம் நோல், பௌஹவுஸ் வழிவந்த நாற்காலிகளைச் செய்து விற்கிற கம்பெனி.

சீரமைத்த கட்டிடத்தைப் பயன்படுத்த வந்தது பெர்லின் கைவினைத் தொழில் மன்றம். பட்டறை உரிமையாளர்கள் பெரும்பான்மையாக உட்காரும் அமைப்பு. மூன்றில் ஒரு பங்கு இடம் தொழிலாளர் தரப்புக்கு என்று சட்டம் சொல்கிறது. பட்டறைத் தொழில் கற்கும் இளைஞர்கள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள், அறைக்கு இரண்டு பேராக வடிவமைத்த அதே விடுதிகளில்.